தேக்கு ஏன் தரைக்கு வரவில்லை?

பழைய மெட்ராஸ் வீடுகளில் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. தூண் மரம், நிலை மரம், மாடிப்படி மரம். அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாகச் செருகிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புக் கலவை. இதுதான் 'மெட்ராஸ் டெரஸ்' கூரை. ஆனால் காலுக்குக் கீழே மரம் கிடையாது. தேக்கு வாங்க வசதி இருந்தவர்கள் கூட மண்ணை ஒட்டிய தரையில் பலகை பாவவில்லை. ஏன்?

காரணம் ஓதம்! பூந்தமல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். சில கிலோமீட்டரில் செம்பரம்பாக்கம் ஏரி. சுற்றிலும் ஒரு காலத்தில் வயல்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஈர மண்ணில் பட்ட மரத்தைக் கரையான் விடாது. அதனால்தான் முற்றத்து மரத்தூணை நேரே தரையில் நடாமல் ஒரு கல்லின் மேல் நிறுத்தினார்கள். வீட்டையும் திண்ணை வைத்து உயர்த்தினார்கள். (கூரை உத்தரத்திலும் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுக்கும்.)

குளிர் நாடான இங்கிலாந்தில் பலகைத் தரை உண்டே என்று கேட்கலாம். அங்கே பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டு, சுவரில் துளைச் செங்கல் வைத்துக் காற்று ஓட விட்டார்கள். இங்கே சுண்ணாம்புத் தரையே போதுமானதாக இருந்தது. அது ஈரத்தை வாங்கும், விடும், உப்பாது. போர்ட்லண்ட் சிமென்டுக்கு 1824-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது. 1904-ல் சென்னையிலேயே சிமென்ட் தயாரிக்கும் முயற்சி நடந்தது. சிமென்ட் பரவிய பின் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை வந்தது. பாட்டி வீட்டில் வழவழவென்று மின்னுமே, அதேதான்.

இப்போது ஃப்ளாட் காலம். தரைத்தளத்து கான்கிரீட் மேல் மரப்பலகை ஒட்ட ஆசைப்படுகிறார்கள். கான்கிரீட் கல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அடிமண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். பலகையின் அடிப்பக்கம் ஈரமாகி விரியும், மேல்பக்கம் ஃபேன் காற்றில் காய்ந்தே இருக்கும். விளைவு? பலகையின் இரு ஓரமும் தூக்கிக்கொண்டு நடுவில் குழியாகிவிடும். அதை இழைத்துச் சமப்படுத்துவது வீண் வேலை. பிறகு காயும்போது நடு மேடாகும்.

கான்கிரீட் ஊற்றும் முன்பே அடியில் கனமான பாலிதீன் விரிப்பதுதான் சரியான வழி. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டவர்களுக்கு ஒரு சுலபச் சோதனை: இரண்டடிச் சதுர பாலிதீனின் நாலு ஓரத்தையும் தரையோடு டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரிக்க வேண்டும். அடியில் நீர் முத்துக்கள் இருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ பலகை வேண்டாம். கோடையில் மட்டும் செய்து ஏமாறக் கூடாது, கார்த்திகையிலும் ஒருமுறை ஒட்டிப் பார்க்க வேண்டும்.