பவர் ஸ்டியரிங்: வந்த கதையும் கழற்றிய கதையும்

நின்றுகொண்டிருக்கும் காரின் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பவர் ஸ்டியரிங் இல்லாத கனத்த கார் என்றால் தோள் வலித்துவிடும். அதே கார் மெல்ல உருளத் தொடங்கியதும் ஸ்டியரிங் இளகிவிடுகிறது. நிற்கும்போது டயர் தரையோடு அழுந்தி உரசியபடியே திரும்ப வேண்டும். உருளும்போது அந்த உரசல் வெகுவாகக் குறைகிறது. வண்டியின் எடை கூடினால் உரசலும் கூடும்.

ஆகவே, பவர் ஸ்டியரிங் கனரக வண்டிகளை மனத்தில் கொண்டே பிறந்தது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். அவர் அவ்வேலையை விட்டு, வால்தம் நகரில் பட்டறை அமைத்தார். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களைத் திருப்பும் அமைப்பை உருவாக்கி, 1926-இல் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செலவு மிகுதி என்று கார் நிறுவனங்கள் தயங்கின. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு அது கைகொடுத்தது. 1951-இல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் காருடன் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது.

நாளடைவில் சிறிய கார்களும் இந்த வசதியை ஏற்றன. 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதைப் பவர் ஸ்டியரிங்குடனும் வாங்கலாம், இல்லாமலும் வாங்கலாம். ஆனால் அவ்வசதியுடன் வாங்கிய சிலர் பின்னர் அதைக் கழற்றத் தொடங்கினார்கள்! காரணம் என்ன? வளைவில் டயர் பிடிப்பை இழக்கப் போகும்போது, ஸ்டியரிங் கையில் இலேசாகும். அது சாலை நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. பவர் ஸ்டியரிங் அதை மழுங்கச் செய்துவிடுகிறது என்பது அவர்கள் குறை.

பம்பின் பெல்ட்டை எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். பற்சட்டத்தின்மேல் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் சீல் அப்படியே இருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணெயைக் குறுகிய குழாய்களின் வழியே கையால் தள்ள வேண்டும். எனவே பற்சட்டத்தைப் பிரித்து, சீலை நீக்க வேண்டும். வால்வை இயக்கும் மெல்லிய முறுக்குக் கம்பியும் உண்டு. அதன் நெகிழ்வு ஸ்டியரிங்கில் ஆட்டமாகத் தெரியும். சிலர் அதை வெல்டிங் வைத்து இறுக்கினார்கள். இது உயிரோடு விளையாடும் வேலை. பற்றவைப்பின் வெப்பம் எஃகின் உறுதியைக் கெடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. எம்.எக்ஸ்-5 காரில் பவர் ஸ்டியரிங்கின் பல்விகிதம் சுமார் 15:1. சாதாரண ஸ்டியரிங்குக்கு சுமார் 18:1. விகிதம் கூடினால் அதிகச் சுற்று, குறைந்த விசை. இது நெம்புகோல் விதியேதான். எனவே பவர் ஸ்டியரிங்கைக் கழற்றிய கார், தொடக்கத்திலேயே அது இல்லாமல் செய்த காரைவிடக் கைக்குக் கனக்கும்.

1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோ எடைதான். அதைப் பவர் ஸ்டியரிங் இல்லாமலே வடிவமைத்தார்கள். நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800 காரும் இலேசான எடையால் அந்த உதவியின்றியே ஓடியது.

1988-இல் சுசுகி செர்வோ காரில் மின்மோட்டார் ஸ்டியரிங் வந்தது. அதற்கு எண்ணெயும் வேண்டாம், பம்பும் வேண்டாம். இன்றைய பல கார்களில் பாதுகாப்புக் கருவிகளும் அந்த மோட்டாரைப் பயன்படுத்துவதால், அதைக் கழற்றுவது முறையன்று. உதவி வேண்டாம் என்ற முடிவைக் காரை வரையும் மேசையிலேயே எடுப்பதுதான் நல்லது, அல்லவா?