ஒரு செட்டிநாட்டு மாளிகை கூறும் வரலாறு



வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கோயில்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் குடியிருந்த வீட்டை வரலாற்றுச் சான்றாக நாம் எண்ணுவது அரிது. கருணாபுரத்தைப் போன்ற நம் கள்ளக்குறிச்சிப் பகுதி ஊர்களில் பழைய காரை வீடு ஒன்றைக் கண்டால், ‘கட்டியவர் செல்வர்’ என்று கூறிவிட்டு நடந்துவிடுகிறோம். அச்செல்வம் எங்கிருந்து வந்தது? பின்னர் எவ்வழியே சென்றது? இவ்விரண்டு வினாக்களையும் கானாடுகாத்தானில் உள்ள ஒரு மாளிகையிடம் கேட்டுப் பார்ப்போம். அவ்வூர் நமக்குத் தொலைவில் உள்ளது. ஆயினும் அம்மாளிகையின் செல்வத்தில் ஒரு பங்கு நம் பகுதியையும் வந்தடைந்தது.

கானாடுகாத்தான், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகில் உள்ள ஊர். நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழும் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. செட்டிநாட்டு அரண்மனை என வழங்கும் அம்மாளிகை 1912ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் தலைவர் அண்ணாமலைச் செட்டியார். 1881இல் பிறந்த இவரையே பிற்காலத்தார் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் என்று போற்றினர்.

செட்டிநாட்டுப் பெருவீடுகளுக்கு ஒரு பொதுவான அமைப்பு உண்டு. உயர்ந்த மேடைமீது செங்கற்சுவர் எழுப்பப்படும். சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சாந்தினைச் சுவரிற் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். முன்னே திண்ணையும் முகப்பும், அதன்பின் முற்றத்தைச் சூழ்ந்த வளவும், அப்பால் உணவுக்கும் சமையலுக்கும் உரிய கட்டுகளும் அமையும். பெரிய வீடுகளில் முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலும் இருக்கும். வளவின் இருமருங்கும் மணமான மைந்தர் ஒவ்வொருவர்க்கும் தனியறை உண்டு. கூரை ஒன்று, கணக்கு வேறு என்பது அக்குடும்பங்களின் முறை. வறண்ட நிலமாதலால், ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரையும் வீணாக்காமல் சேமித்தனர்.

இனி, தூண்களை நோக்குங்கள். அவை பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலியச் சலவைக்கல்லும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்தனர். மழையை நம்பி வாழும் சிற்றூருக்கு இவையெல்லாம் எங்ஙனம் வந்தன?

1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி ஆற்றுச் சமவெளியின் அரிசி உலகச் சந்தைக்குச் சென்றது. காடு திருத்தி நெல் விளைக்க உழவர்க்குக் கடன் வேண்டியிருந்தது. அக்கடனை வழங்கியவர்களுள் முதன்மையானவர் நகரத்தார். அவர்தம் நாணயமும் கணக்குத் திறனும் புகழ் பெற்றவை.

ஆனால் வரலாற்று மாணவன் மறுபக்கத்தையும் காணவேண்டும். 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் நேர்ந்த பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பித் தர இயலாத பர்மிய உழவர் நிலத்தை இழந்தனர். 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1937இல் அது 25 பங்காயிற்று. அவர்கள் வேண்டியது பணமேயன்றி நிலமன்று. ஆயினும் நிலமிழந்தவன் நெஞ்சில் அவ்வேறுபாடு நிற்குமா? செட்டிநாட்டுத் தேக்குத் தூண்களைக் காணும்போது தச்சரின் கைத்திறனோடு அவ்வுழவரின் உழைப்பையும் நினைத்தல் நம் கடமை.

1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாகவே தாயகம் நோக்கி வந்தனர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருவாயின் ஊற்று அடைபட்டது. செட்டிநாட்டில் பல வீடுகள் பூட்டப்பட்டன. சில பிரிக்கப்பட்டுத் தூண்களும் கதவுகளும் விலைபோயின.

அண்ணாமலைச் செட்டியாரோ செல்வத்தின் ஒரு பகுதியை முன்னரே வேறிடத்தில் விதைத்திருந்தார். 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அங்கே அவர் நிறுவிய தமிழ்க் கல்லூரிக்கு உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை முதல்வராக விளங்கினார். இக்கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாயையும் வழங்க, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அந்நாளில் கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. சென்னைக்குச் சென்று பயில வசதியற்ற சிற்றூர் இளைஞர்க்கு உயர்கல்வி அருகே வந்தது. 1948இல் அவர் மறைந்தார். 2013இல் அப்பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. உரிமை மாறினும் கல்விப்பணி தொடர்கிறது.

மாளிகையும் நிற்கிறது, பல்கலைக்கழகமும் நிற்கிறது. முன்னது ஒரு குடும்பம் கூடுவதற்கு எழுந்தது; பின்னது முன்பின் அறியாதார் மக்கள் கற்பதற்கு எழுந்தது. ஈட்டிய பொருள் எங்கே நீண்ட பயன் தந்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய செங்கல் வீடு இருக்கும். ஒருநாள் ஏடும் எழுதுகோலும் அளவுகோலுமாகச் செல்லுங்கள். செங்கல்லை அளந்து குறியுங்கள். உத்தரம் எந்த மரம் என்று கேளுங்கள். கட்டியவர் யார், சுமந்தவர் யார், அந்த வீட்டுப் பொருளால் ஊருக்கு என்ன விளைந்தது என்று முதியோரை உசாவி எழுதி வையுங்கள். வீடு இடிந்தபின் இவற்றைக் கேட்டறிதல் அரிது.