எஞ்சின் விடும் மூச்சு

உத்தமபாளையத்திலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பழைய டீசல் லாரியாக இருந்தால், எஞ்சினின் பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்த ஒரு குழாயிலிருந்து மெல்லிய புகை கசியும். அது புகைபோக்கி அன்று. எஞ்சின் மூச்சு விடும் குழாய். மெக்கானிக்குகள் இதனைப் 'பிரீதர்' என்பார்கள். இச்சிறு குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு.

எஞ்சினுக்கு மூச்சு எதற்கு? 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். காற்றை மிகவும் அழுத்தினால் சூடேறும். அச்சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கண்ட வழி. இந்த அழுத்தத்தில், பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு பொருந்தியிருந்தாலும், சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கீழேயுள்ள கிராங்க் பெட்டிக்குள் புகுந்துவிடும். ரிங்குகள் தேயத் தேய இது பெருகும். பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்வது இதைத்தான்.

வாயுவோடு நீராவியும் வருகிறது. டீசலின் எடையில் 100-க்கு ஏறத்தாழ 13 பங்கு ஹைட்ரஜன். 1 கிராம் ஹைட்ரஜன் எரிந்தால் 9 கிராம் நீர் உண்டாகும். கணக்கிட்டுப் பாருங்கள்: 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர்! பெரும்பகுதி புகைபோக்கி வழியே ஆவியாகப் போய்விடும். கிராங்க் பெட்டிக்குள் இறங்கும் சிறு பங்குதான் தொல்லை. எஞ்சின் சூடாக இருந்தால் அது பிரீதர் வழியே வெளியேறும். குளிர்ந்திருந்தால் நீராகப் படிந்து எண்ணெயைக் கெடுக்கும். டீசலிலுள்ள கந்தகமும் சேர்ந்தால் அமிலமாகிப் பேரிங்குகளை அரிக்கும்.

ஓடும் வண்டியில் இதற்கு வழி எளிது. குழாயின் வாயருகே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் ஆவி இழுக்கப்படும். கிணற்றடியில் நிற்கும் எஞ்சினுக்கு அந்தக் காற்று ஏது? இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரிலிருந்த லிஸ்டர் நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஒரு மெல்லிய தகட்டுக் கதவு இருந்தது. பிஸ்டன் இறங்கும்போது கதவு திறந்து காற்று வெளியேறும், ஏறும்போது மூடிக்கொள்ளும். இதனால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றுக் குறைந்தே இருக்கும், எண்ணெயும் கசியாது. இவ்வகை எஞ்சின்கள் பின்னர் ராஜ்கோட்டிலும் செய்யப்பட்டு, நம் நாட்டு வயல்களில் நீர் இறைத்தன.

பெட்டிக்குள் தங்கும் ஆவி எண்ணெயைக் கெடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. 1947 செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட் அருகே 'ரெய்னா டெல் பசிஃபிகோ' என்ற கப்பல் வெள்ளோட்டம் சென்றது. அளவுக்கு மீறிச் சூடேறிய பிஸ்டனால் கிராங்க் பெட்டியிலிருந்த எண்ணெய் மூட்டம் பற்றி வெடித்தது. 28 பேர் மாண்டனர். கப்பல் எஞ்சின்களின் கிராங்க் பெட்டிகளில் வெடியழுத்தத்தை வெளியேற்றும் கதவுகள் அவசியம் என்பதை இவ்விபத்து உலகுக்கு உணர்த்தியது.

பின்னர் வேறொரு கேள்வி எழுந்தது: எஞ்சின் விடும் மூச்சை மனிதன் சுவாசிக்கலாமா? கலிபோர்னியாவில் 1961 முதல் புதிய பெட்ரோல் கார்களில் அந்த வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரித்தனர். டீசல் எஞ்சின் வெறும் காற்றையே அழுத்துவதால், அதில் கசியும் வாயுவில் எரியாத எரிபொருள் குறைவு. ஆகவே அது நெடுநாள் தப்பியது. அமெரிக்காவில் டர்போ பொருத்திய கனரக டீசல் எஞ்சின்களின் இந்த மூச்சும் 2007-இல்தான் மாசுக் கணக்கில் சேர்க்கப்பட்டது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய்த் துளிகளை வடிகட்டிய பிறகு, வாயு மீண்டும் உள்ளிழுக்கப்படுகிறது.

உங்கள் தோட்டத்தில் டீசல் எஞ்சின் இருக்கிறதா? எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போன்ற வெண்பசை படிந்திருந்தால், எஞ்சின் சூடேறுமுன்பே அடிக்கடி நிறுத்தப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். குளிர்விக்கும் நீரும் குறைந்துவந்தால், நீர் வேறு வழியில் உள்ளே புகுகிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எண்ணெய் தெறிக்கிறதே என்று பிரீதரைத் துணியால் மட்டும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே பெருகும் அழுத்தம் எண்ணெய் சீல்களைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறும். ஒரு துண்டுத் துணியால் மிச்சம் பிடிக்கப் போய், முழு எஞ்சினையும் பிரித்து மாட்டும் செலவு வந்து சேரும்.