மேகவழி மெய்நிகர் மேசைத்தளம்

மேகவழி மெய்நிகர் மேசைத்தளம் என்பது, ஒரு பயனருக்குரிய இயங்குதளம், மென்பொருள்கள், கோப்புகள் ஆகியவற்றைத் தொலைவிலுள்ள தரவு மையத்தில் இயக்கி, அவற்றின் திரைக்காட்சியை மட்டும் இணையம் வழியாக அவருக்கு அளிக்கும் சேவை ஆகும். சேவை வழங்குநர்கள் இதனை மாதக் கட்டணத்திற்கோ மணிநேரக் கட்டணத்திற்கோ வழங்குகின்றனர். நிறுவனம் ஒன்று தனது சொந்த வழங்கிகளில் இவ்வமைப்பை நிறுவிக்கொண்டால், அது மெய்நிகர் மேசைத்தள உட்கட்டமைப்பு எனப்படும்.

செயற்படும் முறை

தரவு மையத்து வழங்கியில் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் பல மெய்நிகர் கணினிகளை உருவாக்குகின்றது. பயனர் உள்நுழையும்போது அவற்றுள் ஒன்று அவருக்கு ஒதுக்கப்படும். விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் உள்ளீடுகள் அங்கு அனுப்பப்பட, திரையில் மாறிய பகுதிகள் சுருக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன. ஆர்டிபி, ஐசிஏ, பிசிஓஐபி முதலியன இதற்குப் பயன்படும் நெறிமுறைகள் ஆகும். கணிப்பு தொலைவில் நடைபெறுவதால் பயனரிடம் திறன் குறைந்த கணினி இருந்தாலும் போதுமானது.

வரலாறு

சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட வின்பிரேம், ஒரே விண்டோஸ் என்டி வழங்கியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்தது. 1998 இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் என்டி 4.0 இன் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. 2013 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அமேசான் ஒர்க்ஸ்பேசஸ் 2014 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019 இல் வெளியான மைக்ரோசாப்டின் விண்டோஸ் வேர்ச்சுவல் டெஸ்க்டாப், 2021 இல் அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டாப் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2020 ஆம் ஆண்டுக் கொரோனாப் பெருந்தொற்றின்போது வீட்டிலிருந்து பணிபுரிவோருக்காகப் பல நிறுவனங்கள் இத்தகைய சேவைகளை நாடின.

உரிமச் சிக்கல்

நீண்ட காலம் இத்துறைக்குத் தடையாக இருந்தது தொழில்நுட்பத்தை விட மென்பொருள் உரிமமே ஆகும். பல வாடிக்கையாளர் பகிரும் வழங்கியில் விண்டோஸின் மேசைக்கணினிப் பதிப்பை வாடகைக்கு விடச் சேவை வழங்குநர்களுக்கு உரிமை இருக்கவில்லை. 2012 இல் ஐபேட் கருவிகளுக்கு விண்டோஸ் 7 ஐ வழங்கிய ஆன்லைவ் நிறுவனம், மைக்ரோசாப்டின் ஆட்சேபத்தைத் தொடர்ந்து விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 க்கு மாறியது. அமேசானும் தொடக்கத்தில் வழங்கிப் பதிப்பையே விண்டோஸ் 7 தோற்றத்துடன் அளித்தது.

நன்மைகளும் இடர்களும்

மடிக்கணினி தொலைந்தாலும் கோப்புகள் தரவு மையத்திலேயே இருக்கும். புதிய பணியாளருக்குச் சில நிமிடங்களில் மேசைத்தளம் அமைக்கலாம். இற்றைப்படுத்தல்களை ஒரே இடத்திலிருந்து செய்யலாம். எனினும் இணைய இணைப்பு அறுந்தால் பணி நின்றுவிடும். தரவு மையம் மிகத் தொலைவில் இருந்தால் தட்டச்சிட்ட எழுத்து திரையில் தோன்றத் தாமதமாகும்.

இவற்றினும் பெரிய இடர், முழு அலுவலகமும் ஒரே வழங்குநரைச் சார்ந்திருப்பதாகும். 2019 சூலையில், கணக்கியல் மென்பொருள்களை இம்முறையில் வழங்கிவந்த அமெரிக்காவின் ஐன்சிங்க் நிறுவனம் பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அதனால் அதன் வாடிக்கையாளர்களான கணக்காளர்கள் பல நாட்கள் தம் கோப்புகளை அணுக இயலவில்லை. எனவே வழங்குநரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே தனிக் காப்புநகல் வைத்திருப்பது இன்றியமையாதது ஆகும்.