இந்தியப் பாதுகாப்புத் தற்சார்பு

முப்படைகளுக்கு வேண்டிய போர்த் தளவாடங்களை உள்நாட்டிலேயே வடிவமைத்து உள்நாட்டிலேயே செய்துகொள்ள இந்தியா மேற்கொண்டுவரும் முயற்சி. வடிவமைப்பதும் செய்வதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒன்றாகக் கருதியதே இம்முயற்சியின் வரலாற்றில் நேர்ந்த பல ஏமாற்றங்களுக்குக் காரணம்.

தொழிற்சாலைகளுக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை. கொல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் 1801-இலேயே ஆங்கிலேயர் பீரங்கி வண்டித் தொழிற்சாலை அமைத்தனர். நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையுடன் 1940-இல் பெங்களூரில் தொடங்கிய விமான நிறுவனமே இன்றைய ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.). பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு (டி.ஆர்.டி.ஓ.) 1958-இல் உருவானது.

சொந்த வடிவமைப்பில் முதல் பெரிய முயற்சி ‘மாருத்’ போர் விமானம். ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டேங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1961 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. உடல் ஒலியின் வேகத்தை மிஞ்சத் தக்கது. அதற்கு ஈடான எஞ்சின் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ‘ஆர்ஃபியஸ்’ எஞ்சினைக் கொண்டே ஒப்பேற்ற நேர்ந்தது. 1971 பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் முனையில் நன்றாகவே உழைத்தது என்றாலும், திட்டமிட்ட வேகத்தை அது எட்டவே இல்லை. மாருத்துக்கு நேர்ந்தது பிற்பாடு வந்தவற்றுக்கும் நேர்ந்தது.

சீனப் போர் நடந்துகொண்டிருந்த 1962 நவம்பரில் பாதுகாப்பு உற்பத்தித் துறை தனியாக அமைக்கப்பட்டது. 1965 பாகிஸ்தான் போரின்போது அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுத விற்பனையை நிறுத்தின. இந்தியா சோவியத் யூனியன் பக்கம் சாய்வது அதிகரித்தது. நாசிக்கில் மிக்-21 விமானமும் ஆவடியில் பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பிலான விஜயந்தா டாங்கியும் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டன. உரிமம் வாங்கியவருக்கு வரைபடம் வரும். ஒரு பாகம் ஏன் இந்த அளவில், இந்த உலோகத்தில் இருக்கிறது என்ற கணக்கு வராது. அடுத்த தலைமுறை விமானத்துக்கு மீண்டும் அதே வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

யாரும் விற்க முன்வராத இடத்தில் கதை வேறு. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தலைமையில் 1983-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என ஐந்தை எடுத்துக்கொண்டது. ஏவுகணைத் தொழில்நுட்பத்தைப் பிற நாடுகளுக்குத் தருவதைத் தடுக்கும் பன்னாட்டுக் கட்டுப்பாடு 1987-இல் வந்தது. மறு ஆண்டே பிருத்வியும் 1989 மே மாதம் அக்னியும் ஏவப்பட்டன. திரிசூல் தேறவில்லை. அணுசக்தி நீர்மூழ்கி ‘அரிஹந்த்’ இன்னொரு சான்று; அதன் உலைக்கான தரை மாதிரி கல்பாக்கத்தில் அமைந்தது. ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக்கு வேண்டிய சிறப்பு எஃகு வெளியிலிருந்து கைக்கு வராதபோது, டி.ஆர்.டி.ஓ.-வின் ஹைதராபாத் ஆய்வகமும் ‘செயில்’ எஃகு நிறுவனமும் சேர்ந்து அதை உருவாக்கின. 2022 செப்டம்பரில் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த அக்கப்பலின் விசையாழிகள் அமெரிக்க வடிவமைப்பு.

கடைத்தெருவில் கிடைக்கும் பொருளென்றால் உள்நாட்டுப் படைப்புக்குப் பொறுமை காட்டுவோர் குறைவு. ‘அர்ஜுன்’ டாங்கிக்கு 1974-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆவடியிலிருந்து படைக்குப் போகத் தொடங்கியது 2004-இல். அதற்குள் ரஷ்ய டி-90 டாங்கிகள் வந்திறங்கிவிட்டன. அர்ஜுனுக்குக் கிடைத்த முதல் ஆணை 124 வண்டிகள்தாம். அதன் எஞ்சினும் ஜெர்மனியுடையது.

2020 ஆகஸ்டில் 101 வகைத் தளவாடங்களின் இறக்குமதிக்குப் படிப்படியாகத் தடை அறிவிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்கள் ஆயின. உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அமைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி அதன் மையங்கள். 2013-14-இல் ரூ.686 கோடியாக இருந்த ஏற்றுமதி, அரசுக் கணக்குப்படி, 2024-25-இல் ரூ.23,622 கோடி. பிலிப்பைன்ஸ் வாங்கிய பிரம்மோஸ் ஏவுகணையும் இதில் பேசப்படுவது. அது ரஷ்யாவுடன் கூட்டாக உருவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் உலகில் ஆயுதம் மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னணியில்தான் இருக்கிறது.

இலகுரகப் போர் விமானமான ‘தேஜஸ்’ 1983-இல் ஒப்புதல் பெற்று, 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. இடையில், 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையை ஒட்டி அமெரிக்கா விதித்த தடையால் அதன் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை இந்தியப் பொறியாளர்களே முடிக்க வேண்டியதாயிற்று; முடித்தும் காட்டினர். எஞ்சின்தான் வசப்படவில்லை. பெங்களூரில் உருவான ‘காவேரி’ எஞ்சின் போதிய உந்துவிசை தராததால் 2008-இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. சூலூர் தளத்திலிருந்து எழும் தேஜஸ்கள் அமெரிக்காவின் ஜி.இ. எஃப்-404 எஞ்சினில் பறக்கின்றன. விமானப்படை 2021 பிப்ரவரியில் மேம்படுத்தப்பட்ட 83 தேஜஸ்களுக்கு ஆணை தந்தது. அவற்றுக்காக அதே ஆண்டு ஆகஸ்டில் ஜி.இ.-யிடம் 99 எஞ்சின்கள் கேட்கப்பட்டன. முதல் எஞ்சினை அந்நிறுவனம் ஒப்படைத்தது 2025 மார்ச்சில்.