சன்னல்களைத் திறந்து வைத்த மருத்துவமனைகள்



அண்மையில் பாயா ரும்புட்டில் பெற்றோர் சிலருடன் உரையாடிக் கொண்டிருந்தேன். வகுப்பறைகளில் குளிர்சாதனம் பொருத்தினால் பிள்ளைகள் ஊக்கத்துடன் படிப்பர் என்றார் ஒருவர். அவர் கூற்றில் தவறில்லை. நம் நாட்டு வெயிலை நாம் அறிவோம். ஆயினும், குளிர்சாதனம் வந்தால் சன்னல்கள் அடைபடுமே என்னும் எண்ணம் எனக்கு எழுந்தது. அவ்வெண்ணமே என்னைக் காசநோய் மருத்துவமனைகளின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

1882ஆம் ஆண்டில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமியை அழிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நோயாளிகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே. அவற்றை வழங்கிய இடங்கள் சானடோரியம் எனப்பட்டன.

மருத்துவர் சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய சானடோரியம் ஒன்றை நடத்தினார். கணித மேதை இராமானுசன் 1917இல் அங்குச் சிலகாலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பிய சௌரி முத்து, 1928இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக் கொண்டது. அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே அழைக்கப்படுகிறது.

தூய காற்று நோயைக் குணப்படுத்தும் என அக்கால மருத்துவர்கள் நம்பினர். அந்நம்பிக்கை முழுமையாக நிலைக்கவில்லை. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை வழங்கியது. 1959இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து உட்கொள்ளத் தொடங்கியபின் நோயாளி பிறர்க்குப் பரப்பும் ஆற்றல் விரைவில் குறைகிறது என்பதே அதன் பாடம்.

அப்படியாயின், திறந்த சன்னல்கள் வீணா? இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்பார் ஒரு சோதனை நடத்தினார். காசநோயாளிகள் தங்கிய கூடத்தின் காற்றை மேல்தளத்திலிருந்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். நோயாளியை ஒருமுறையும் அணுகாத அவ்விலங்குகளுக்கு நோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பின. நோய் காற்றின் வழியே பரவுவது மெய்ப்பிக்கப்பட்டது.

2007இல் பெரு நாட்டின் லீமா நகர ஆய்வாளர்கள் மருத்துவமனை அறைகளின் காற்றோட்டத்தை அளந்தனர். சிகிச்சை பெறாத காசநோயாளிகளோடு 24 மணி நேரம் இருப்போருள் எத்தனை பேருக்குத் தொற்றும் எனவும் கணக்கிட்டனர். இயந்திரக் காற்றோட்ட அறைகளில் 39 விழுக்காடு. 1950க்கு முன் கட்டப்பட்டு, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் திறந்திருந்த கூடங்களில் 11 விழுக்காடு மட்டுமே! நம் முன்னோர் நோயாளியைக் குணப்படுத்தத் திறந்த சன்னல், உண்மையில் அருகிலிருந்தோரைக் காத்தது.

இயந்திரங்களை இகழ்வது என் நோக்கமன்று. மணிக்குப் பன்னிரண்டு முறை காற்றை மாற்றும் தனிமை அறைகள் இன்றைய மருத்துவமனைகளுக்குத் தேவையே. ஆனால், உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கும் சாதாரணக் குளிர்சாதனம் அத்தகையதன்று. மூடிய அறையின் தீங்கைக் கோவிட்-19 நமக்கு மீண்டும் உணர்த்தியது.

ஆதலால் பெற்றோர்களே, குளிர்சாதனம் பொருத்துங்கள். ஆனால், சன்னல்களை ஆணியடித்து மூடிவிடாதீர்கள். ஆசிரியர்களே, ஓய்வு வேளையிலாவது கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வையுங்கள். தொடர்ந்து இருமும் பிள்ளையை ஒதுக்காமல் விரைவில் மருத்துவரிடம் அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு நாம் அளிக்கும் கல்வியோடு நல்ல காற்றையும் அளிப்போம்.