ஏ.ஆர்.டி. பல் சீரமைப்பு

துளைக்கும் இயந்திரம் இல்லாமல், கைக்கருவிகளால் மட்டும் பல் சொத்தையைச் சுரண்டியெடுத்து, பல்லோடு ஒட்டும் சிமென்டால் அடைக்கும் மருத்துவ முறை ஏ.ஆர்.டி. (Atraumatic Restorative Treatment). 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவானது.

அதுவரை கோலோச்சியது அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் வகுத்த முறை. மீண்டும் சொத்தை வராதிருக்க, சுற்றியுள்ள நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டும் என்றார் அவர். இன்று இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அன்று குழியை அடைக்கப் பயன்பட்ட பாதரசக் கலவை பல்லில் ஒட்டாது; குழியின் வடிவம்தான் அதைப் பிடித்து நிறுத்தும். 1957இல் அதிவேகத் துளைக்கருவியான ஏரோட்டர் விற்பனைக்கு வந்ததும் குடைவது இன்னும் சுலபமாயிற்று.

இரண்டு ஆய்வுகள் இந்தப் போக்கை மாற்றின. லண்டனில் வில்சன், கென்ட் இருவரும் உருவாக்கி 1972இல் அறிவித்த கிளாஸ் அயனோமர் சிமென்ட் பல்லில் தானே ஒட்டியது, ஃபுளோரைடையும் கசியவிட்டது. ஜப்பானில் புசயாமா, எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில், சொத்தை பிடித்த இடத்தில் இரண்டு அடுக்குகள் உண்டெனக் காட்டினார். கிருமி மண்டிய மேலடுக்கு மீளாது. கீழடுக்கு சுண்ணாம்புச் சத்தை இழந்திருந்தாலும் மீண்டும் இறுகக்கூடியது. அப்படியானால் அதை ஏன் வெட்டியெறிய வேண்டும்?

மின்சாரம் இல்லாத ஊர்களில் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாதிருந்த நிலையில், டச்சுக்காரரான யோ ஃபிரென்கென் தார் எஸ் சலாமில் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தார். எனாமலில் உள்ள குழியின் வாயைச் சிற்றுளி போன்ற கருவியால் சற்றே அகலப்படுத்தி, சிறு கரண்டியால் ஓரங்களிலிருந்து சுரண்டத் தொடங்குவார்கள். ஈரச் செதில்களாக வருவதை எடுத்துவிட்டு, பற்கூழை நெருங்கும் இடத்தில் தோல்போல் இறுகியதை அப்படியே விட்டுவிடுவார்கள். சிமென்டை வைத்து, வாஸ்லின் தடவிய கையுறை விரலால் அழுத்தினால், பக்கத்துச் சிறு பள்ளங்களும் சேர்ந்து அடைபடும். பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஊசி தேவைப்படாது. குழந்தைகள் அழாமல் உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1991இல் தாய்லாந்தில் கள ஆய்வு தொடங்கியது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஆதரித்தது. சொத்தையை இளக்கும் பசைகளும் பின்னர் வந்தன: சுவீடனின் காரிசால்வ், பிரேசிலில் 2003இல் அறிமுகமான, பப்பாளிப் பாலின் பப்பெய்ன் நொதி கொண்ட பப்பாக்காரி. இவற்றில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

பல்லின் ஒரே பக்கத்தில் உள்ள குழிகளுக்கு ஏ.ஆர்.டி. நன்கு நிற்கிறது; பல பக்கங்களில் பரவியதற்கு அவ்வளவாக இல்லை. சீழ் கட்டிய பல்லுக்கும், இரவில் தானாகவே வலிக்கும் பல்லுக்கும் இது ஏற்றதல்ல. கிளாஸ் அயனோமர் சிமென்ட் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.